குடியிருப்பதாகச் சொன்ன வீடு

வங்கிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாங்கப்போகும் வீட்டில் நாங்களே குடியிருப்போமா, வாடகைக்கு விடுவோமா?

வங்கியின் சார்பில் அதைக் கேட்டவள் கெர்ரி. என் மனைவி டெஸ்ஸாவின் அக்கா. வீட்டுக் கடன் தரகு அவள் தொழில். ஹோபர்ட்டில் அவள் வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள். சுட்ட ஆட்டுத்தொடையின் எலும்பு இன்னும் மேசையிலேயே இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

"குடியிருக்கவா, விடவா?"

"குடியிருக்க" என்றாள் டெஸ்ஸா.

நானும் அதையே சொன்னேன். அவளுக்கு ஒரு நொடி பின்னால்.

இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. குடியிருப்பவருக்கு வட்டி குறைவு. விலையில் பத்தில் ஒரு பங்கு கையில் இருந்தால் போதும். வாடகைக்கு என்றால் வட்டி ஏறும், கையிலிருந்து போட வேண்டியது இரட்டிப்பாகும். ஏன் அப்படி என்று நான் கேட்டேன். கெர்ரி எலும்பிலிருந்து ஒரு துணுக்குக் கறியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"கையில காசுக்கு முடை வந்தா மனுஷன் முதல்ல கைவிடறது வாடகைக்கு விட்ட வீட்டைத்தான் பிரென். தான் படுத்துத் தூங்கற வீட்டை விட மாட்டான். பட்டினி கிடந்தாவது கட்டுவான். பேங்குக்கு அது தெரியும்."

எங்களிடம் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் நான் குடியிருக்க என்று சொன்னது அதனால் அல்ல. குடியிருக்கப்போகிறோம் என்பதனால்.

வீடு டாட்ஜஸ் ஃபெரியில் இருந்தது. ஹோபர்ட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், இரண்டு கடற்பாலங்களைத் தாண்டிப் போக வேண்டும். டெஸ்ஸாவின் அப்பா தன் கையால் கட்டிய கடற்கரைக் குடில் அது. தகடு அடித்த சுவர், தகரக் கூரை, பக்கத்தில் மழைநீர்த் தொட்டி. அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழுவதுதான் குடிநீர். டெஸ்ஸாவும் கெர்ரியும் சிறுமிகளாக இருந்தபோது கோடை முழுவதையும் அங்கேதான் கழித்தார்கள். பிறகு அப்பா முதியோர் இல்லத்துக்குப் போனார். அந்தச் செலவுக்காக அதை விற்றார்கள். சிட்னிக்காரர் ஒருவர் வாங்கி, உள்ளே எல்லாம் வெள்ளையடித்து, சில வருடங்கள் வைத்திருந்துவிட்டு மறுபடியும் விற்பனைக்குப் போட்டார். கெர்ரிக்கு அப்போதே கழுத்து வரை கடன். அவளுக்கு இன்னொன்று தர எந்த வங்கியும் தயாராக இல்லை. எனக்கும் டெஸ்ஸாவுக்கும் சொந்த வீடு இல்லை. இருவருக்கும் நிரந்தர வேலை. அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை, நான் மண் பரிசோதனைக் கூடத்தில்.

நான் அடிலெய்டுக்காரன். தாஸ்மேனியாவுக்கு வந்ததே டெஸ்ஸாவுக்காகத்தான். அவள் வளர்ந்த இடத்தில் நாங்கள் வாழப்போகிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அடுத்த வாரம் வங்கியிலிருந்து ஒரு பெண் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் வேலைக்கு வர முடியுமா என்றாள். முடியும் என்றேன். அதோடு நிறுத்தவில்லை. எந்த அறையில் படுப்போம், கோழிக்கூடு எங்கே வரும், பின்பக்க மண் மணல்கலந்தது என்பதால் உருளைக்கிழங்கு நன்றாக வரும் என்றெல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். நல்லபடியாகக் குடிபோங்கள் என்று வாழ்த்திவிட்டு வைத்தாள்.

நவம்பரில் வீடு எங்கள் பெயருக்கு வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பமே அங்கே கூடியது. கெர்ரி, அவள் பிள்ளைகள், சித்தப்பாக்கள், அவர்களுடைய பிள்ளைகள். கால் வைத்த இடமெல்லாம் மெத்தை. யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் வரலாமா என்று கேட்கவில்லை. சாவி தொட்டிக்கு அடியில், மரத்தாங்கியில் அடித்த ஆணியில் தொங்கும். சிட்னிக்காரர் இருந்த காலம் போக எப்போதும் அங்கேதான் தொங்கியிருக்கிறது. வருகிறவர்கள் கையை விட்டு எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குடிவந்த பிறகு இதை நிறுத்த வேண்டியிருக்குமே என்று மட்டும் ஒருமுறை டெஸ்ஸாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றாள்.

பிப்ரவரியோடு அங்கே கோடை முடிந்ததும் குடிபோவதாக இருந்தோம். ஜனவரியில் நான் விறகைப் பற்றி நினைவுபடுத்தினேன். அங்கே குளிர்காலம் கழிக்கிறவர்கள் கோடையிலேயே விறகு சொல்லி வெட்டிக் காயவைத்தாக வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் ஈர மரம்தான் கிடைக்கும், புகைதான் மிஞ்சும். பக்கத்து வீட்டு நெவில் மரம் வெட்டி விற்பவர். நெவ்விடம் சொல்லிவிட்டேன் என்றாள் டெஸ்ஸா.

மார்ச்சில், ஹோபர்ட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு ஒப்பந்தத்தை ஜூன் வரை நீட்டிவிட்டேன், பள்ளியில் வேலை அதிகம் என்றாள். ஈஸ்டருக்குப் பிறகு, குளியலறைத் தரையில் ஈரம் ஏறுகிறது, அதைச் சரிசெய்யாமல் போக முடியாது என்றாள். நான் நம்பினேன். நம்பாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு வார இறுதியில் சின்ன அறையின் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "உன் புத்தக அலமாரி இங்க" என்றாள்.

மே மாதக் கடைசியில், பள்ளியில், பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவளுக்கு வயது முப்பத்தொன்று.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். கெர்ரி வாரம் ஒருமுறை சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். டாட்ஜஸ் ஃபெரி பக்கமே நான் போகவில்லை.

ஆகஸ்டில் தவணை கட்டச் சம்பளம் போதவில்லை. ஒரு சம்பளத்தில் வாடகையும் தவணையும் நடக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது, யோசிக்கவில்லை. வங்கிக்குப் போன் செய்து, சில மாதங்களுக்குத் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். நொடித்துப்போனவர்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. மெரெடித் என்கிற பெண் பேசினாள். மிகவும் மென்மையான குரல். டெஸ்ஸாவுக்காக வருத்தம் சொன்னாள். கடனை என் ஒருவன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதுவரை தவணையைக் குறைத்துவைக்கலாம் என்றாள். இப்போது அந்த வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

இன்னும் குடிபோகவில்லை என்றேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதே மென்மையோடு விளக்கினாள். ஓராண்டுக்குள் குடியேறுவோம் என்று சொல்லி வாங்கிய கடன் அது. நவம்பரில் ஆண்டு முடிகிறது. அதற்கு முன் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். நான் அங்கே இருந்தால் ஒன்றுமில்லை. இல்லையென்றால் அது வாடகைக்கு விடும் வீட்டுக் கடனாக மாறும், அந்த வட்டி வரும். அந்த வட்டியை என் ஒருவன் சம்பளம் தாங்காது. விற்க வேண்டியதுதான்.

போனை வைத்த பிறகு, பல மாதங்களில் முதல்முறையாக எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த வீடு வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதாகச் சொன்ன காரியங்களில் அது ஒன்றுதான் பாக்கி. வாடகை வீட்டைக் காலிசெய்வதாக நோட்டீஸ் கொடுத்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் வேறொரு கார் நின்றிருந்தது. தொட்டிக்கு அடியில் கையை விட்டேன். சாவி இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே, எங்கள் மேசையில், நான் முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம் ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டிருந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். எல்லோரும் உள்ளேயே கோட்டுப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "அப்பாடா, வந்தீங்களா. விறகு தீர்ந்து போச்சுங்க. ராத்திரி பூரா நடுங்கிட்டோம். நாங்க பிரிஸ்பேன்காரங்க, இந்தக் குளிரெல்லாம் பழக்கமில்ல. விளம்பரத்துல கணப்பு உண்டுன்னுதான் போட்டிருந்தாங்க."

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன் என்று நினைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. இதோ ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கெர்ரிக்குப் போன் செய்தேன்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. ஆமாம், இணையத்தில் விளம்பரம் போட்டு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறேன் என்றாள். டெஸ் போன பிறகு நீ இருந்த நிலையில் உன்னிடம் எதையும் கேட்க முடியவில்லை. வீடு சும்மாதானே கிடக்கிறது, உன் தவணைக்கு ஆகட்டும் என்று செய்தேன். எல்லாப் பணத்தையும் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன், ஒரு சென்ட்டைக்கூட நான் தொடவில்லை என்றாள். பிறகு அழுதாள்.

கோபம் வந்தது. ஆனால் தாங்கக்கூடிய கோபம். கேட்காமல் செய்துவிட்டாள், நல்லது நினைத்துத்தான் செய்தாள். அந்தக் குடும்பம் ஞாயிறு மாலை கிளம்பிவிடும் என்றாள். அதன்பிறகு யாரையும் விடாதே என்றேன். சரி என்றாள்.

அந்தச் சின்னப் பெண்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். விறகுக்காக நெவில் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர்களைப் பெரிய தீவுக்காரர்கள் என்பது அவர் வழக்கம்.

"வாப்பா, பெரிய தீவுக்காரா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். உடனே முகம் மாறியது. "பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். அடக்கத்துக்கு வரணும்னுதான் இருந்தேன். இந்த முட்டி விடல."

பரவாயில்லை என்றேன். டெஸ்ஸா ஜனவரியில் சொல்லிவைத்த விறகில் மிச்சம் ஏதாவது அவரிடம் கிடக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த விறகு?"

"குளிர்காலத்துக்குன்னு உங்ககிட்ட சொன்னாளே நெவ். நாங்க குடிவர்றதுக்கு."

அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் அவகிட்ட கேட்டேன். உன் வீட்டுக்காரன் குடிவர்றோம் குடிவர்றோம்னு தெருவுல பார்க்கறவன்கிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், ஒரு லோடு வெட்டிக் காயவைக்கவான்னு. சிரிச்சா. 'என்ன நெவ் நீ, இது குடில். குடில்ல யாராவது குளிர்காலம் கழிப்பாங்களா? ஈஸ்டருக்குக் கொஞ்சம் போட்டு வை, வாடகைக்கு வர்றவங்களுக்கும் ஆகும்'னா."

"எப்ப சொன்னா?"

"கிறிஸ்துமஸ் கூட்டமெல்லாம் கிளம்பிப் போன கையோட. உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். அவர் தன் சொந்தக் குவியலிலிருந்து ஒரு தள்ளுவண்டி விறகு கொடுத்தார். நான் தள்ளிக்கொண்டு போய் அந்தக் குடும்பத்துக்குக் கணப்பு மூட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண் டிப்ஸ் கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன். பெட்டிகளோடு ஹோபர்ட்டுக்குத் திரும்பினேன்.

குடில் என்பதும் வீடு என்பதும் எங்கள் அடிலெய்டில் அப்படி ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. கடலோரம் கிடைத்தால் குடிபோவோம். தாஸ்மேனியாவில் அப்படி இல்லை. குடில் குடும்பத்துக்குப் பொது. அதில் ஒருவர் மட்டும் நிரந்தரமாகக் குடியேறுவது, எல்லோருக்கும் வைத்த கேக்கை ஒருவரே தின்பது மாதிரி. எனக்கு இது தெரியவில்லை. டெஸ்ஸாவுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த வாரம் கெர்ரியை டாட்ஜஸ் ஃபெரிக்கு வரச் சொன்னேன். படகு இறக்கும் துறையில் அவள் காருக்குள் உட்கார்ந்தோம். வரும் வழியில் சிப்பிக்கறி பஃப்ஸ் இரண்டு வாங்கி வந்திருந்தாள். அவள் டாஷ்போர்டில் வைத்த இடத்திலேயே அவை ஆறிக்கொண்டிருந்தன.

"எப்ப முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"என்னது?"

"வாடகைக்கு விடறதுன்னு. நெவ் சொல்லிட்டார்."

அவள் கடலைப் பார்த்தாள். "வாங்கறதுக்கு முன்னாடியே."

"உன் வீட்டு மேசையில உட்கார்ந்தப்ப?"

"அதுக்கும் முன்னாடி. விற்பனைக்கு வந்த அன்னிக்கே." அவளே தொடர்ந்தாள். "வருஷம் பூரா வெளியாளுக்கு விட்டா தவணை தானா கட்டிக்கும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் நாம வருவோம். அப்பா இருந்தப்ப மாதிரி. வாடகைக்குன்னு சொன்னா உங்ககிட்ட இருந்த காசுக்குக் கிடைச்சிருக்காது பிரென். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முதல் வருஷம் எவனும் வந்து பார்க்க மாட்டான். பேங்குக்கும் தெரியும்."

"பேங்குக்குச் சொன்னது சரி. எனக்கு எதுக்கு அதையே சொன்னீங்க?"

ஒரு ஆள் படகை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கிளம்பிப் போகும் வரை அவள் அதையே பார்த்தாள்.

"உனக்குப் பொய் வராது" என்றாள் கடைசியில். "பேங்க்ல இருந்து போன் பண்ணிக் கேட்டா நீ உளறிடுவேன்னு டெஸ்தான் சொன்னா. 'அவன் நம்பிட்டா போதும், அவன் சொல்றதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க'ன்னா. திட்டாத. உன்னை மட்டமா நினைச்சு சொல்லல. உன்னை அவளுக்கு அவ்வளவு நல்லாத் தெரியும்."

கோழிக்கூடு நினைவுக்கு வந்தது. உருளைக்கிழங்கு. வங்கிப் பெண்ணின் சிரிப்பு. வாடகைக்கு என்றால் கையிலிருந்து போட வேண்டியதில் பாதிதான் எங்களிடம் இருந்தது. மீதிக்கு ஈடாக என்னை வைத்திருக்கிறார்கள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தா."

"ஈஸ்டர் முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல உயிரோட இருந்தாளே" என்றேன்.

கெர்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வந்ததிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னாள். வங்கி ஆள் வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பேரும் குடிவருவதாகத்தான் இருந்தோம், டெஸ்ஸா இறந்ததால் தள்ளிப்போனது என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளதைச் சொன்னால் கெர்ரியின் தரகு உரிமம் போய்விடும். "வீடும் போயிடும்" என்றாள்.

"குடில்" என்றேன்.

பஃப்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொள்ளாமல் இறங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் குடிவந்தேன். எதற்காக என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீடு வேண்டும் என்று நினைத்ததற்கு இருந்த ஒரே காரணம் போய்விட்டது. ஆனாலும் விடமுடியவில்லை. விற்றால், அங்கே குடியிருப்பதாக உண்மையாகவே சொன்ன ஒரே ஆளும் சொன்னதைச் செய்யாமல் போனவனாகிவிடுவான். அப்படி ஏதோ ஒன்று.

நெவில் காய்ந்த விறகு கடனாகக் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு முழு லோடு சொன்னேன். "நெசமாத்தானா?" என்றார். நெசமாகத்தான் என்றேன். "அப்ப உன்னைப் பெரிய தீவுக்காரன்னு கூப்பிட முடியாது. என்ன பண்ணலாம், வேற பேர் பார்க்கறேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தினமும் இரண்டு பாலங்களையும் தாண்டி வேலைக்குப் போனேன். மாலையில் வந்து கணப்பு மூட்டினேன். டெஸ்ஸாவோடு பேசினேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். பேசவில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை ஒப்பந்தத்தை நீட்டியதற்குச் சொன்ன காரணம், பொய். குளியலறைத் தரையைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் பலகை நன்றாகக் காய்ந்துகிடந்தது. பொய். சின்ன அறையில் அவள் போட்ட பென்சில் கோடு மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. என்னை நம்பவைக்க அந்தக் கோடு தேவையே இல்லை. நான்தான் ஏற்கனவே நம்பியிருந்தேனே.

அக்டோபரில் வங்கி அனுப்பிய ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இந்த ஊர்க்காரர். வீட்டுக்குள் வருமுன்பே தொட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். பாதிக்குக் கீழே வந்த பிறகுதான் சத்தம் மாறியது.

"பாதிக்குக் கீழ போயிடுச்சு. மழை பெய்யற மாசத்துல" என்றார். "ஆள் இல்லாத வீட்டுல தொட்டி வழிஞ்சுக்கிட்டு நிக்கும்." உள்ளே எட்டிப்பார்த்து, கழுவாத பாத்திரங்களையும் ஈரக் காலுறைகள் தொங்கிய கணப்பையும் பார்த்தார். "குடில்னா இதைவிடச் சுத்தமா இருக்கும். நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து மெரெடித் போன் செய்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, கடனை என் பெயருக்கு மாற்றுகிறார்கள், வட்டி அப்படியே இருக்கும் என்றாள். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும், கஷ்டமாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்றாள்.

"கடன் வாங்கினப்ப உங்க ரெண்டு பேருக்குமே அங்க குடியிருக்கற எண்ணம்தானே இருந்தது?"

"எனக்கு இருந்தது" என்றேன். "அவளுக்கு இருந்ததான்னு என்னால சொல்ல முடியாது."

மறுமுனையில் அவள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"புரியுதுங்க" என்றாள். "அவங்க இடத்துல நின்னு பதில் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு புரியுது. இரண்டு பேருக்கும்னே போட்டுடறேன்."

அவளைத் திருத்தவில்லை. நான் சொன்னது உண்மை. அது அவள் காதில் துக்கமாக விழுந்தது. இப்படிச் சொல்லும்படி யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெர்ரியின் பெயரைச் சொல்லியிருப்பேனா? தெரியாது. டெஸ்ஸா வங்கியிடம் சொன்ன பொய் அன்றோடு உண்மையாகிவிட்டது. ஆக்கிக் கொடுத்தவன் நான். என்னிடம் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. ஏமாந்தால் வங்கிக்காவது வட்டியை ஏற்ற ஒரு வழி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, நெவில் இறக்கிவிட்டுப் போன விறகைப் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெட்டிய பக்கம் வெளியே தெரிய, காற்றுப் போக இடம் விட்டு. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. பிள்ளைகள் குதித்து இறங்கிக் கடலை நோக்கி ஓடினார்கள். ஒருவர் காரிலிருந்து மெத்தையை உருவ ஆரம்பித்தார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கெர்ரிகூட. சொல்லிவிட்டு வருவது அவர்கள் வழக்கமில்லை. சொன்னால் அது குடில் இல்லை.

விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து கெர்ரியைப் பார்த்தேன். கையில் பனிப்பெட்டி. அதை இறக்கிவைத்துவிட்டு, தொட்டிக்கு அடியில் பழகிய கையை விட்டாள். துழாவினாள். குனிந்து பார்த்தாள். ஆணிகூட அங்கே இல்லை, பிடுங்கிவிட்டிருந்தேன்.

எழுந்து, கதவு வரை போய், கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டினாள். அவள் அப்பா பொருத்திய கதவு அது. அவள் அதை அதற்கு முன் ஒருமுறையாவது தட்டியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நான் பக்கவாட்டு வழியாக வந்தேன். கையில் மரத்தூசி.

"சாவி எங்க?" என்றாள்.

"என்கிட்ட."

மெத்தை வைத்திருந்தவர் அதை அப்படியே அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கெர்ரி என்னைத் தாண்டி விறகு அடுக்கைப் பார்த்தாள். அவள் இந்த ஊர்க்காரி. அவ்வளவு விறகு எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். தன் சொந்த ஆட்களாலேயே ஏமாற்றப்பட்டவர்களின் முகம்.

"இங்கயே இருக்கப்போறியா?" என்றாள். மெதுவாக.

"குடியிருக்கத்தானே வாங்கினோம்."

அவள் பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். பிள்ளைகளைக் கடலிலிருந்து கூப்பிட நேரமாயிற்று. அவர்கள் கிளம்பும் வரை வாசலில் நிற்க என்னால் முடியவில்லை. பின்பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து அடுக்கினேன்.